முதலிடமும் கடைசியிடமும்

(ஒரத்தநாட்டில் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2017ஆம் ஆண்டு இலங்கையில் நடந்த உயர்தரப் பரீட்சையில், அதாவது நம் பிளஸ் டூ மாதிரியான தேர்வில், கணிதப் பிரிவில் நாட்டுக்கே முதலாவதாக வந்த மாணவன் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரிக்காரன். முழுக்கத் தமிழில் படித்தவன். செய்தி வந்த அன்று இங்கேயும் பல பேர் கொண்டாடினோம். ஆனால் அதே காலத்தில்தான் சாதாரண தரப் பரீட்சையில், அது நம் பத்தாம் வகுப்புப் போல, ஒன்பது மாகாணங்களில் வட மாகாணம் கடைசி இடத்தில் நின்றது. ஒரே மாகாணத்துக்கு முதலிடமும் கிடைக்கிறது, கடைசியிடமும் கிடைக்கிறது. இது எப்படி என்று விசாரித்துக்கொண்டு போனால், போர் ஒரு நாட்டின் கல்வியை என்ன செய்கிறது என்பதில் முக்கால்வாசி தெரிந்துவிடும்.

ஒரத்தநாட்டில் நின்று இதைப் பேச எனக்கு ஒரு காரணம் உண்டு. நம்மூர் முத்தாம்பாள் சத்திரம் 1802இல் சரபோஜி மன்னர் கட்டியது. தஞ்சாவூர்ச் சீமையை ஐதர் அலியின் படை 1781இல் சூறையாடிவிட்டுப் போய் இருபது வருஷம் ஆகியிருந்தது. சத்திரங்களில் என்ன நடக்கிறது என்று 1801இல் சரபோஜி ஆங்கிலேய ரெசிடென்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. வழிப்போக்கர்களுக்குச் சோறு, வைத்தியம் என்று சொல்லிக்கொண்டு வருபவர், நாதியற்ற பிள்ளைகள் வந்தால் உபாத்தியாயரிடம் ஒப்படைப்போம், மூன்று வேளையும் சாப்பாடு போட்டுப் படிக்க வைப்போம் என்கிறார். முதலில் கட்டடத்தைப் பற்றிப் பேசவில்லை பாருங்கள், உபாத்தியாயரைப் பற்றிப் பேசுகிறார். 

யாழ்ப்பாணம் நமக்கு அந்நிய தேசமும் அல்ல. கோடியக்கரையிலிருந்து அந்தக் கரை ஐம்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். இங்கிருந்து திருச்சி அதைவிடத் தூரம். ஆறுமுக நாவலருக்கு நாவலர் பட்டம் கொடுத்தது நம் திருவாவடுதுறை ஆதீனம். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் முதன்முதலில் பி.ஏ. பட்டம் கொடுத்தபோது அதை வாங்கியவர்கள் யாழ்ப்பாணத்தார். அவர்களில் ஒருவரான சி.வை. தாமோதரம் பிள்ளை பிற்பாடு கும்பகோணத்தில் வக்கீலாக இருந்தபடி ஏடு தேடிப் பதிப்பித்தார். விபுலாநந்த அடிகளின் யாழ்நூலை 1947இல் வெளியிட்டது கரந்தைத் தமிழ்ச் சங்கம். யாழ்ப்பாணப் பொது நூலகத்தை உலகத் தரத்தில் அமைக்க ஆலோசனை சொன்னவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அந்த நூலகம்தான் 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள். நூலகம் எரிந்ததைப் பற்றிக் கவிதைகள் நிறைய வந்துவிட்டன, நான் அதில் ஒன்றும் சேர்க்கப் போவதில்லை. கட்டடம் திரும்பக் கட்டப்பட்டு வெள்ளையாக நிற்கிறது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

முதலில் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். போர் வந்தது, கல்வி கெட்டது என்று சொல்லிவிட்டால் பாதி உண்மைதான். அங்கே கல்வியில் நடந்த அநியாயமும் போருக்கு ஒரு வித்து. கல்வி அமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா 1945இலேயே இலவசக் கல்வியைக் கொண்டுவந்துவிட்டார், பல்கலைக்கழகம் வரைக்கும். நம்மைவிட முந்திக்கொண்ட நாடு அது. அப்படிப் படித்து வந்த பிள்ளைகளுக்கு 1971இல் தரப்படுத்தல் என்று ஒன்று வந்தது. அந்த வருஷம் மருத்துவப் படிப்புக்கு 400க்குச் சிங்கள வழியில் எழுதியவர் 229 எடுத்தால் போதும், தமிழ் வழியில் எழுதியவர் 250 எடுக்க வேண்டும். நியாயமாகச் சொல்வதென்றால், பிறகு வந்த மாவட்ட ஒதுக்கீட்டால் வவுனியா, மன்னார், மட்டக்களப்புப் போன்ற பின்தங்கிய தமிழ் மாவட்டத்துப் பிள்ளைகள் சிலரும் பயனடைந்தார்கள். ஆனால் இருபத்தொரு மார்க்கு வித்தியாசத்தை ஒரு தலைமுறை மறக்கவில்லை. தமிழ் மாணவர் பேரவை கிளம்பியது. அதிலிருந்து வந்த உரும்பிராய் பொன். சிவகுமாரன் 1974 ஜூன் 5ஆம் தேதி போலீஸ் சுற்றிவளைத்தபோது சயனைடு கடித்து இறந்தான். கொப்பியும் பேனாவும் பிடிக்க வேண்டிய வயசு. பிறகு ஆயுதம் எடுத்தவர்களில் பெரும்பகுதி வகுப்பறையிலிருந்து எழுந்து போனவர்கள்தான்.

அதன் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்லப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். பள்ளிக்கூடத்துக்குள் என்ன நடந்தது என்பதை மட்டும் பார்ப்போம்.

1990இலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் கிடையாது. பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய் தங்கம் விற்கும் விலைக்கு விற்றது, டார்ச் பேட்டரி கொண்டுபோகக்கூடத் தடை. அப்போது ஒவ்வொரு வீட்டிலும் ஜாம் போத்தல் விளக்கு இருந்தது. காலியான ஜாம் போத்தலுக்குள் பஞ்சை அமுக்கி வைப்பார்கள். அதில் பஞ்சு நனைகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விடுவார்கள். மெல்லிய திரி ஒன்று. சுடர் ஒரு விரல்நகம் அளவுதான் இருக்கும். போத்தல் கண்ணாடியே காற்றுக்கு மறைப்பு. அதைச் சுற்றி மூன்று நான்கு பிள்ளைகள் உட்கார்ந்து இரசாயனம் படித்தார்கள், கணக்குப் போட்டார்கள். வானொலி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு ஒருவன் பெடலைச் சுற்றுவான், டைனமோவில் ரேடியோ பாடும். விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழி. பதுங்குகுழிக்குள்ளும் கொப்பி போகும்.

இதையெல்லாம் தாண்டிப் பரீட்சை நடந்தது என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த ஊரில், கொழும்பில் அச்சடித்த வினாத்தாள் போர்முனையைத் தாண்டி வந்து, அரசாங்கம் நியமித்த ஆசிரியரே மேற்பார்வை பார்த்து, விடைத்தாள் திரும்பப் போய், பெறுபேறு வந்தது. இரு தரப்பும் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்தபோது பரீட்சைத் திணைக்களம் மட்டும் இரண்டு பக்கமும் வேலை செய்தது. யாழ்ப்பாணத்து மார்க்கும் ஓரளவு தாக்குப்பிடித்தது. 1995 அக்டோபர் 30ஆம் தேதி குடாநாட்டின் வலிகாமம் பகுதி மொத்தமும் இடம்பெயர்ந்தது, ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர், ஒரே இரவில், மழையில். போய்ச் சேர்ந்த தென்மராட்சியில் மரத்தடியில் பள்ளி தொடங்கிவிட்டார்கள்.

தாக்குப்பிடித்ததற்கு என்ன காரணம்? என் கணக்கு இதுதான். போர்க் காலத்தில் பாடம் நடத்தியவர்கள் போருக்கு முன்னால் உருவான ஆசிரியர்கள். நல்ல கல்லூரியில் படித்து, நல்ல பயிற்சி பெற்று, நூலகம் இருந்த காலத்தில் வாசித்து வளர்ந்தவர்கள். அவர்கள் ஓய்வு பெறும் வரைக்கும் வண்டி ஓடியது. அவர்களுக்குப் பின்னால் வர வேண்டியவர்களில் சிலர் கனடாவில் இருந்தார்கள், சிலர் மண்ணுக்குள் இருந்தார்கள். குண்டு விழுந்த அன்றைக்கே தெரியாத சேதம் இது.

இந்தக் கணக்குக்கு ஜெர்மனியில் ஒரு சாட்சி இருக்கிறது. ஃபேபியன் வால்டிங்கர் என்ற பொருளாதார ஆய்வாளர் அந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களை எடுத்துக்கொண்டார். சில துறைகளின் கட்டடங்கள் இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து இடிந்தன. வேறு சில துறைகளில் யூதர் என்பதற்காகவும் அரசியலுக்காகவும் பேராசிரியர்களை ஹிட்லர் அரசு துரத்தியது. எது அதிகம் பாதித்தது என்று பார்த்தால், கட்டடம் இடிந்த துறைகள் 1960களின் தொடக்கத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டன. பேராசிரியரை இழந்த துறைகள் 1980 வரைக்கும் எழவில்லை. ஜெர்மனிக்கே அந்தக் கதி என்றால், 1975க்கும் 1979க்கும் இடையில் ஆசிரியர்களில் பெரும்பாலோரை இழந்த கம்போடியாவைச் சொல்லவே வேண்டாம். அங்கே நாலு எழுத்துத் தெரிந்தவரைப் பிடித்துத்தான் மறுபடி பள்ளியைத் திறந்தார்கள்.

இலங்கையில் ஆசிரியரை யார் கொன்றது என்று கேட்டால், விடை ஒரு பக்கம் மட்டும் போகாது. யாழ்ப்பாணம் பரி. யோவான் கல்லூரி அதிபர் சி.இ. ஆனந்தராஜன் 1985 ஜூனில் சுட்டுக் கொல்லப்பட்டார். தலைமையாசிரியரைத்தான் அங்கே அதிபர் என்பார்கள். இராணுவத்தோடு பள்ளி அணிக்குக் கிரிக்கெட் ஆட்டம் ஏற்பாடு செய்தார் என்பது புலிகள் சொன்ன குற்றம். யாழ் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திரணகம, எல்லாத் தரப்பின் அத்துமீறலையும் எழுதி வைத்தவர், 1989 செப்டம்பர் 21ஆம் தேதி சைக்கிளில் வீடு திரும்பும்போது கொல்லப்பட்டார். கிழக்கே வந்தாறுமூலையில் பல்கலைக்கழக வளாகமே அகதி முகாமாக இருந்தது. 1990 செப்டம்பர் 5ஆம் தேதி இராணுவம் அங்கிருந்து 158 பேரைக் கூட்டிக்கொண்டு போனது, ஒருவரும் திரும்பவில்லை. அதே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ரவீந்திரநாத் 2006 டிசம்பரில் கொழும்பில் காணாமல் போனார். நம் பங்கையும் சொல்லிவிட வேண்டும். 1987 அக்டோபரில் இந்திய அமைதிப் படை ஹெலிகாப்டரில் வந்து இறங்கிச் சண்டை போட்டது யாழ் பல்கலைக்கழக வளாகத்தில்தான்.

பிள்ளைகள் பட்டது இதற்கு மேல். 1995 செப்டம்பர் 22ஆம் தேதி வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் என்ற ஊரில் (ஆமாம், அங்கேயும் ஒரு நாகர்கோவில்) பள்ளிக்கூடத்தில் விமானப் படை குண்டு போட்டது. 2006 ஆகஸ்ட் 14ஆம் தேதி வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் விழுந்த குண்டுகளில் ஐம்பதுக்கு மேற்பட்ட மாணவிகள் இறந்தார்கள். பயிற்சி முகாம் என்றது அரசு. போய்ப் பார்த்த போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவும் யுனிசெப்பும் இறந்தவர்கள் மாணவிகள் என்றன. மறுபக்கம், பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளைப் புலிகள் படைக்குச் சேர்த்த கணக்கு யுனிசெப் பதிவில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. கல்யாணமானவர்களை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில், குடாநாட்டுக்குத் தெற்கே உள்ள வன்னியில் பதினைந்து பதினாறு வயதுப் பெண் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டி வைத்தார்கள். அந்தப் பெண்கள் இன்றைக்கு முப்பதைத் தாண்டிய அம்மாக்கள். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்ட அம்மா, பெரும்பாலும் புருஷனையும் இழந்தவர், தன் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா? போர் இரண்டாம் தலைமுறைக்குள் நுழைகிற வாசல் இதுதான். ஜெர்மனி, ஆஸ்திரியா நாடுகளில் போர்க் காலத்தில் பத்து வயதாக இருந்த பிள்ளைகள் குறைவாகப் படித்ததையும், நாற்பது வருஷம் கழித்து 1980களில்கூட அவர்கள் சம்பளத்தில் அந்தக் குறை தெரிந்ததையும் இச்சினோ, வின்டர்-எப்மர் என்ற இருவர் காட்டியிருக்கிறார்கள். போரில் சேராத சுவிட்சர்லாந்து, சுவீடன் பிள்ளைகளுக்கு அந்தக் குறை இல்லை.

இன்னொரு கூட்டத்தை நாம் பேசுவதே இல்லை. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோரைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டே மணி நேரம். ஒஸ்மானியாக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை புத்தளத்து ஓலைக் கொட்டகையில், ஏற்கெனவே நிரம்பி வழிந்த பள்ளிக்கூடத்தின் சாயங்கால வகுப்பில் போய் உட்கார்ந்தான். அந்த ஊர்ப் பிள்ளைக்கும் இடம் போதவில்லை, வந்த பிள்ளைக்கும் போதவில்லை. அங்கே மூண்ட மனஸ்தாபம் வருஷக்கணக்கில் ஓடியது.

சரி, 2009 மே மாதம் சண்டை முடிந்தது. ஏறத்தாழ 2,80,000 பேர் முள்வேலிக்குள், பெரும்பாலோர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில். அந்த ஆகஸ்ட்டிலேயே முகாமுக்குள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். புத்தகம் கிடையாது, வீட்டில் செத்தவர்களுக்குக் காரியம்கூடச் செய்யவில்லை, பரீட்சை எழுதினார்கள். பிறகு பணம் வந்தது. இந்தியா, ஜப்பான், ஐ.நா. அமைப்புகள், எல்லோரும் கட்டிக் கொடுத்தார்கள். ஏ-9 சாலையில் போனால் இரண்டு பக்கமும் புதுக் கட்டடம், புது மதில், வாசலில் கட்டிக் கொடுத்தவர் பெயர்ப் பலகை. இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் சிக்கியிருந்த பள்ளிகளும் ஒவ்வொன்றாக விடுபட்டன. காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி 1990இல் ஊரைவிட்டு வந்து, அடுத்தவர் இடத்தில் காலம் தள்ளி, சொந்த மண்ணுக்குத் திரும்பியது 2016இல். இருபத்தாறு வருஷம். ஒரு பிள்ளை முதல் வகுப்பில் சேர்ந்து, படித்து, கல்யாணம் கட்டி, தன் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்க்கிற காலம் அது.

கட்டடம் வந்தது. வாத்தியார் வந்தாரா?

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மேட்டூரில் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் போட்டுவிடுவான். கல்லணையில் பூத்தூவும் படமும் வந்துவிடும். புது ஆற்றுக் கடைமடைக்காரன் மட்டும் பத்து நாள் கழித்தும் வாய்க்கால் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். வன்னிப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் நியமனம் அப்படித்தான். நியமனக் கடிதம் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கொடுத்துவிடுகிறார்கள். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் என்று எது வேண்டுமோ அந்த ஆசிரியர் கிளிநொச்சி, முல்லைத்தீவு உள்கிராமத்துக்கு வந்து சேருவதற்குள் வற்றிவிடுகிறார். கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று அரசாங்கமே அந்த ஊர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலைப் பார்த்தாலே போதும், எவன் போவான்? போகிறவர்களும் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்து தினம் போய்வருகிறவர்கள். கிளிநொச்சி நகரமே அறுபது கிலோமீட்டருக்கு மேல், முல்லைத்தீவு நூறைத் தாண்டும். விடியுமுன் பஸ் ஏறி, பள்ளி மதியம் முடிந்த கையோடு திரும்பி பஸ் பிடிக்கும் ஆசிரியர், பின்தங்கிய பிள்ளையை ஒரு மணி நேரம் உட்கார வைத்து எப்படிச் சொல்லிக்கொடுப்பார்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கும் வீட்டில் படிக்கிற பிள்ளை உண்டு, அதுவும் நல்ல பள்ளியில் படிக்க வேண்டுமல்லவா?

வன்னியில் அந்த வெற்றிடத்தைப் போர்க் காலம் முழுக்க நிரப்பியவர்கள் தொண்டர் ஆசிரியர்கள். உயர்தரம் முடித்துவிட்டு, சம்பளம் இல்லாமலோ சொற்பக் காசுக்கோ, ஷெல் விழுந்த ஊரில் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள். சமாதானம் வந்த பிறகு நிரந்தர நியமனம் கேட்டு மாகாண அலுவலக வாசலில் அவர்கள் உட்கார்ந்த போராட்டங்கள் ஒன்றிரண்டல்ல. தகுதிச் சான்றிதழ் எங்கே, வரவுப் பதிவேடு எங்கே என்று கேட்டார்கள். பதிவேடு இருந்த பள்ளிக்கூடமே தரைமட்டமானபின் அதை எங்கிருந்து கொண்டுவருவது? இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

இப்போது ஹாட்லிக்குத் திரும்புவோம். ஹாட்லி, பரி. யோவான், யாழ் இந்து, வேம்படி போன்ற பெரிய பள்ளிகளுக்கு லண்டனிலும் டொரான்டோவிலும் பழைய மாணவர் சங்கம் இருக்கிறது. பவுண்டும் டாலரும் வருகிறது. ஆய்வுகூடம், ஸ்மார்ட் போர்டு, நீச்சல் குளம்வரைக்கும் பேச்சு. தன் பள்ளிக்குக் கொடுப்பது நல்ல மனசுதான், யார் குறை சொல்வது? ஆனால் வன்னியில் விசுவமடுவில் படித்துவிட்டுச் செத்தவனுக்கு டொரான்டோவில் யார் சங்கம் வைப்பார்? போரில் அதிகம் அடிபட்ட ஊரிலிருந்து வெளிநாடு போகக் காசு இருந்தவர்களும் குறைவு. அதனால் போருக்குப் பிந்திய பணம் போரில் குறைவாக நொறுங்கிய பள்ளிகளைத் தேடிப் போகிறது. முதலிடமும் கடைசியிடமும் ஒரே மாகாணத்தில் பிறந்த விதம் இது. நல்ல பிள்ளைகளையும் நல்ல ஆசிரியர்களையும் டவுன் பள்ளி இழுத்துக்கொள்ள, கிராமத்துச் சிறு பள்ளிகள் பிள்ளை இல்லாமல் மூடிக்கொண்டிருக்கின்றன. ஒரத்தநாட்டைச் சுற்றி உள்ள ஊர்களிலும் தொடக்கப் பள்ளியில் பிள்ளை குறைவது நீங்கள் பார்ப்பதுதான். நமக்குப் போர் இல்லாமலே அது நடக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும்.

கடைசியாக, கரை தாண்டி இங்கே வந்தவர்கள். 1983 முதல் ராமேசுவரத்திலும் கோடியக்கரையிலும் படகில் வந்து இறங்கியவர்களில் பலர் இன்னும் முகாமில் இருக்கிறார்கள். 2021இல் அந்த முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினோம். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் 1984இலிருந்து அங்கே மாலை வகுப்பு நடத்திப் பட்டதாரிகளை உண்டாக்கியது பெரிய காரியம். 1991க்குப் பிறகு ராஜீவ் காந்தி கொலையின் கோபத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு உயர்கல்விக் கதவைச் சாத்தினோம், பிறகு மெல்லத் திறந்தோம். 2021இல் அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தபோது, பொறியியலில் மதிப்பெண் வரிசையில் முதல் 50 முகாம் மாணவர்களுக்குக் கட்டணத்தை ஏற்பதாகச் சொன்னது. நல்லது. படித்து முடித்த பிறகு?

1987 ஜூலை 1ஆம் தேதி முதல் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பால் குடிமகனாக வேண்டுமென்றால், பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். முகாமில் பிறந்து, நம் பள்ளியில் நம் பாடநூலைப் படித்து, நம் கல்லூரியில் பட்டம் வாங்கிய பெண்ணுக்கு அப்பா அம்மா இருவரும் அகதி. அதனால் அவள் டி.என்.பி.எஸ்.சி. எழுத முடியாது, அரசுப் பள்ளியில் ஆசிரியராக முடியாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. பி.எட். முடித்துவிட்டு மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறவர்கள் அந்த முகாம்களில் இருக்கிறார்கள். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் கணித ஆசிரியர் இல்லாமல் வகுப்பு காலியாக இருக்கிறது, இந்தப் பக்கம் கணித ஆசிரியை வேலை இல்லாமல் இருக்கிறாள். திரும்பிப் போகலாமே என்று கேட்பீர்கள். போனவர்கள் உண்டு. இந்தியப் பட்டத்தை அங்கே ஒப்புக்கொள்ள வைக்கவே அவர்கள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. இங்கே சட்டம் தெரிந்தவர்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். இதில் என்ன செய்ய முடியும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். மைக்கை அந்தப் பக்கம் கொடுங்கள்.